வைக்கோல் தூசியும் சாயங்காலக் காய்ச்சலும்: துண்டு போதுமா, மாஸ்க் வேண்டுமா?

கேள்வி:
பழைய வைக்கோல் போரைப் பிரித்து வண்டியேற்றும் வேலை. காலையில் ஆட்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். சாயங்காலமானால் சிலருக்குக் குளிர்காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம். ஓரிரு நாளில் தானாகவே சரியாகிவிடுகிறது. இது வெறும் தூசி அலர்ஜிதானா? முகத்தில் துண்டு கட்டினால் போதுமா, மாஸ்க் வேண்டுமா?

பதில் 1:
நேரத்தைக் கவனியுங்கள். தூசி பட்டவுடனே தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு வந்தால் அலர்ஜி என்று எடுத்துக்கொள்ளலாம். 4 முதல் 8 மணி நேரம் கழித்துக் காய்ச்சலோடு வந்தால் சங்கதி வேறு. ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் உள்ளே சூடேறும். அந்தச் சூட்டில் ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியா பெருகும். அதன் வித்து ஏறக்குறைய 1 மைக்ரான்தான். மூக்கில் தங்காமல் நுரையீரலின் காற்றறை வரை போய்விடும்.

கூட நின்ற பலருக்கும் ஒரே நாளில் வந்தால், அளவுக்கு மீறித் தூசி குடித்ததால் வந்த நச்சுக் காய்ச்சலாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப, கொஞ்சம் தூசிக்கே வந்தால் 'ஃபார்மர்ஸ் லங்' (பூசணத் தூசியால் விவசாயிகளுக்கு வரும் நுரையீரல் அழற்சி) என்று சந்தேகப்பட வேண்டும். தானாகச் சரியாகிறதே என்று விட்டால் நுரையீரலில் தழும்பு விழும். அது மாறாது.

பதில் 2:
துண்டு வேண்டாம். ஈரத் துண்டும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் தும்பைத்தான் தடுக்கும். சர்ஜிக்கல் மாஸ்க்கில் ஓரமெல்லாம் இடைவெளி. குறைந்தபட்சம் என்95. மேல் பட்டை உச்சந்தலையில், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில். இரண்டையும் கழுத்திலேயே போட்டுக்கொள்பவர்கள்தான் அதிகம்! மூக்குத் தகட்டை இரு கை விரல்களாலும் அழுத்துங்கள். பிறகு உள்ளங்கைகளால் மூடி மூச்சை ஊதுங்கள். கண்ணோரம் காற்று அடித்தால் திரும்பச் சரிசெய்ய வேண்டும். வால்வு உள்ளதென்றால் ஊதாமல் இழுத்துப் பாருங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்ட வேண்டும். தாடி இருந்தால் ஓரம் ஒட்டவே ஒட்டாது. நனைந்தாலோ, மூச்சிழுக்கக் கஷ்டமானாலோ தூக்கிப் போடுங்கள்.

பதில் 3:
மாஸ்க் கடைசிக் காவல்தான். 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும்போது கட்டுக் கட்டுவதில்தான் வினையே தொடங்குகிறது. குத்திப் பார்க்கும் ஈரப்பத மீட்டரை நடுக்கட்டில் செருகிப் பாருங்கள், மேல்கட்டு எப்போதும் காய்ந்துதான் இருக்கும். ஏற்கெனவே பூசணம் பிடித்த போரைப் பிரிக்கும்போது அன்றைக்கு எடுக்கும் அளவுக்கு மட்டும் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். தெளித்ததைத் திரும்ப அடுக்கினால் மறுபடி பூசணம். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். கொட்டகைக்குள் என்றால் எதிரெதிர் கதவுகள் இரண்டும் திறந்திருக்கட்டும்.

இன்னொன்று: சாணக் குழிக்கும் சைலோவுக்கும் (தீவனம் அடைத்துவைக்கும் கோபுரம்) என்95 உதவாது. அங்கே ஆளைக் கொல்வது வாயு. தூசி மாஸ்க் அதை வடிகட்டாது. சைலோ நிரப்பி 3 வாரம் உள்ளே இறங்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. டாக்டரிடம் போனால் என்ன சொல்ல வேண்டும்?

பதில் 1:
காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் நிமோனியா என்று ஆன்டிபயாட்டிக் எழுதிவிடுவார்கள். என்ன வேலை, எத்தனை மணிக்குத் தூசி பட்டது, எத்தனை மணிக்குக் காய்ச்சல் வந்தது, இது எத்தனையாவது தடவை என்று எழுதிக் கொண்டுபோங்கள். ஸ்பைரோமெட்ரியும் (ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்க்கும் சோதனை), தேவைப்பட்டால் நெஞ்சு சிடி ஸ்கேனும் எடுப்பார்கள். ரத்தத்தில் அந்தத் தூசிக்கு எதிரான ஆன்டிபாடி (உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ் வந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது என்றுதான் அர்த்தம், அதை வைத்து மட்டும் நோய் என்று முடிவுகட்ட முடியாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்கு.