'அக்ரோராகை': போர்மணியா, விளிம்புமணியா?

அன்புள்ள ஐயா,

பூப்போல் தோன்றும் கடல்விலங்கான கடற்சாமந்தியின் மேல்விளிம்பில் உள்ள கொட்டும் மணிகளே 'அக்ரோராகை'. அவ்வுறுப்புக்குத் தமிழ்ச்சொல்லாகத் தாங்கள் முன்வைத்த 'போர்மணி' கேட்டவுடன் மனத்தில் பதிகிறது. ஆனாலும் 'விளிம்புமணி'யே வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாறைகளுக்கிடையே தேங்கிய ஓதக்குட்டையில் குனிந்து பார்த்து இனம் காண்பவருக்கான சொல் இது. சண்டை அவர் கண்ணில் படுவது அரிது. சாமந்தி விரிந்திருந்தால் மணிகள் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

ஆக்டினியா எக்வினா என்னும் கடற்சாமந்தி இனத்தைப் பாருங்கள். வழவழப்பான தண்டு, ஆறு வட்டங்களில் 192 வரை உணரிழைகள், அவற்றுக்கு வெளியே தண்டின் மேல்விளிம்பில் நீல மணிகள். நண்பர் ஒருவர் 'நீலமணி' என்றது இதை வைத்துத்தான். ஆனால் அந்தோப்ளூரா எலிகாண்டிசிமாவில் இதே உறுப்பு வெளுத்திருக்கும். நிறத்தைப் பெயரில் ஏற்றினால் அடுத்த இனத்திலேயே சொல் பொய்த்துவிடும்.

'போர்மணி'க்கும் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. மரபணுவில் வேறுபட்ட அயல் சாமந்தி தொட்டால் இம்மணிகள் உப்பி நீளும்; எதிரியின் மேல் உரசும்போது கொட்டுசெல்கள் நிறைந்த மேல்தோல் உரிந்து அதன் உடலில் ஒட்டிக்கொள்ளும். தன் குளோனை (ஒன்றிலிருந்தே பிரிந்து பெருகிய, மரபணு ஒத்த கூட்டத்தை) சேர்ந்தவற்றை அது தாக்குவதில்லை. அந்தோப்ளூராவின் இரு குளோன் கூட்டங்களுக்கு நடுவே வெறும் பாறை ஒரு பட்டையாகக் கிடப்பது இதனால்தான். எனினும், மெட்ரிடியம் என்னும் வேறொரு கடற்சாமந்தி போரிடுவது மணியால் அன்று. அதற்கெனவே மாறிய உணரிழைகளால். 'போர்' என்னும் அடையை அந்த இழைக்கு விட்டுவைப்போம், 'போரிழை' என்று. இரண்டுக்கும் 'போர்' வந்தால் தொடக்கநிலை மாணவர் இரண்டும் ஒரே உறுப்பின் வகைகள் என்று எண்ணிவிடுவார்.

தண்டிலுள்ள 'வெருக்கே' புடைப்புகளையும் இப்போதே பிரித்துவிட வேண்டும். அவற்றில் மணலும் கிளிஞ்சல் துணுக்குகளும் ஒட்டியிருக்கும், 'ஒட்டுமரு' எனலாம். அப்போது அடையாளக் குறிப்பு எவ்வளவு சுருங்குகிறது பாருங்கள்: விளிம்புமணி உண்டு, ஒட்டுமரு இல்லை என்றால் ஆக்டினியா. இரண்டும் இருந்தால் அந்தோப்ளூரா. ஒட்டுமரு மட்டும் இருந்தால் உர்டிசினா ஃபெலினாவாக இருக்கலாம். ஓதம் வற்றி, சாமந்தி கூழ் உருண்டைபோல் சுருங்கிவிட்டால் மணிகள் உள்ளே மறைந்துவிடும் என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

உண்மை மணிகளில் இருக்கும் 'ஹோலோட்ரிக்' வகைக் கொட்டுநுண்ணுறுப்பு இல்லாத போலி உறுப்புக்குப் 'போலி விளிம்புமணி' எனலாம். 'விளிம்புமணி'யைப் பிரிக்காமல் ஒரே சொல்லாகவே பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிரித்தால் தேடலில் கிடைக்காது.