கோத்தகிரி குளிரில் நாட்டுக்கோழிக் குஞ்சு: என்ன தப்பு செய்கிறேன்?

கட்டபெட்டுக்காரன்:
எங்கள் வீடு கட்டபெட்டு பக்கம். பின்னால் கொஞ்சம் காலி இடம், அதைத் தாண்டினால் தேயிலை. அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று போன சனிக்கிழமை மேட்டுப்பாளையத்தில் இரண்டு நாள் குஞ்சு 15 வாங்கி, அட்டைப்பெட்டியில் போட்டு பஸ்ஸில் கொண்டு வந்தேன். குஞ்சப்பனை தாண்டியதும் ஒரே கத்தல். பக்கத்து சீட்டுப் பாட்டி தன் சால்வையை எடுத்துப் பெட்டிமேல் போர்த்திவிட்டார்.

இப்போது 11தான் இருக்கிறது. 9 வாட் எல்இடி பல்பு விடிய விடிய எரிகிறது. ஆனாலும் எல்லாம் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. காலையில் அடியில் கிடப்பது செத்திருக்கிறது. நொய் போட்டால் கொத்துகின்றன. இரண்டுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. "பாவம்டா, இது நமக்கு வேண்டாம்" என்கிறார் அம்மா. மலையில் வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கேத்தி பள்ளத்தாக்கு:
எல்இடியில் வெளிச்சம்தான் வரும், சூடு வராது. பழைய குண்டு பல்பு, 60 வாட், இரண்டாக மாட்டுங்கள். ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று இருக்கும். தரையிலிருந்து ஒரு அடி உயரம்.

பண்ணைக்காட்டு அக்கா:
தம்பி, நான் பழனிமலை. என் முதல் ஈட்டில் 20க்கு 6தான் மிஞ்சியது, அதனால் மனசு விடாதீர்கள்.

முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஆனால் கீழே வெயில் காலத்தில் மூன்றாம் வாரமே பல்பை அணைத்துவிடுவார்கள். உங்கள் பக்கம் ராத்திரி 10, 12 டிகிரிக்கு இறங்குமே! இறகு உடம்பை மூடும்வரை, ஐந்தாறு வாரம், சூடு வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குஞ்சைப் பாருங்கள். பல்புக்கு அடியில் அடைந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்தால் சரி. கூட்டில் மூலையே இருக்கக் கூடாது, தடுப்பை வட்டமாக வளைத்து வையுங்கள். நெருங்கி நசுங்குவது அதோடு நிற்கும்.

கீழே உமி மூன்று அங்குலம். கிடைக்காவிட்டால் மரப்பட்டறையில் இழைப்புச் சுருள் கேளுங்கள், தூள் வேண்டாம், தின்றுவிடும். மூடுபனி நாளில் உமி தானாகவே நசநசத்துப் போகும். தினமும் கிளறுங்கள், நனைந்ததை அள்ளிப் போடுங்கள். ஈரத்தில்தான் ரத்தக் கழிச்சல் வரும்.

கரண்ட் போனால் சுடுதண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி நடுவில் வையுங்கள். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். நான் ஒரு மழை ராத்திரி வைத்தேன். காலையில் ஒன்பது குஞ்சை அள்ளினேன், எனக்கே தலை சுற்றியது.

நொய் வயிற்றை நிரப்பும், உடம்பு பிடிக்காது. எட்டு வாரம் குஞ்சுத் தீவனம் கொடுங்கள், புரதம் 20 சதவீதம் இருக்கும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், விழுந்து நனையாது. ஒட்டிய எச்சத்தைப் பிய்க்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சு நனைத்துத் துடைத்து, ஈரம் காயும்வரை பல்புக்கு அடியில் பிடித்திருங்கள்.

அடுத்த முறை குஞ்சு வாங்காதீர்கள், அடைக்கோழி வாங்குங்கள். பத்துப் பன்னிரண்டு முட்டை, 21 நாள். அதன் இறக்கைக்குக் கரண்ட் கட் கிடையாது.

கூடலூர் மழை:
வெள்ளைக் கழிச்சல் தடுப்பு மருந்தை மறந்துவிடாதீர்கள். ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி. வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டால் அப்புறம் மருந்தே கிடையாது. குப்பியைக் கரைத்தால் வைத்திருக்க முடியாது, அதனால் பக்கத்து வீட்டுக் கோழிகளையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கி வரும்போது ஐஸ் வேண்டும்.

அப்புறம், வெளியே விடும்போது கூட்டுக்கு அரை இஞ்ச் கம்பி வலை. மரநாயும் கீரியும் சின்னச் சந்து போதும் என்று நுழையும். தீவன மூட்டையை வீட்டுக்குள்ளேயே வையுங்கள், உங்கள் பக்கம் கரடி வேறு.

கட்டபெட்டுக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கோத்தகிரியில் நாலாவது கடையில்தான் குண்டு பல்பு கிடைத்தது, அவரும் தூசி தட்டி எடுத்தார். நேற்று ராத்திரி எல்லாம் பரவிப் படுத்திருந்தன. 11 அப்படியே இருக்கிறது. வேண்டாம் என்ற அம்மா இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தார்.

வட்டத் தடுப்புக்கு அட்டை போதவில்லை அக்கா. பழைய கல்யாண பேனரைத்தான் வளைத்து நிறுத்தியிருக்கிறேன். காலையிலிருந்து மாப்பிள்ளை மீசையைக் கொத்திக்கொண்டிருக்கின்றன.