கல்லூரியில் படிக்கும்போது உடம்புக்கு முடியாமல் போனால் இணையத்தில் என்ன தேடினீர்கள்? (அனுபவப் பகிர்வு)

வைகைக்கரை:

மதுரையில் பொறியியல் படிக்கிறேன், விடுதிவாசி. எங்கள் விடுதியில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் கைபேசியைத்தான் எடுப்போம். பிறகு வார்டன், கடைசியில்தான் டாக்டர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சரியானதைத் தேடியதால் என் அறைத் தோழன் பிழைத்தான் என்றே நம்புகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் அவனுக்கு டெங்கு வந்தது. என்எஸ்1 பரிசோதனையில் உறுதியானது. பாராசிட்டமால், நிறைய நீராகாரம், தினமும் இரத்தப் பரிசோதனை என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். அன்று முதல் எங்கள் மாடி முழுவதும் பிளேட்லெட் (இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள்) பற்றித்தான் பேச்சு. ஒருவன் பப்பாளி இலையை அரைத்துச் சாறு கொண்டுவந்தான். இன்னொருவன் நிலவேம்புக் குடிநீர் காய்ச்சினான். எல்லோரும் தேடியது ஒன்றைத்தான்: பிளேட்லெட் ஏற என்ன சாப்பிட வேண்டும்?

நான் வேறு கேள்வியைத் தட்டினேன்: டெங்கு எப்போது ஆபத்தாகும்? உலக சுகாதார நிறுவனத்தின் பக்கம் கிடைத்தது. காய்ச்சல் கொதிக்கும் நேரத்தைவிட, காய்ச்சல் விட்ட பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம் என்று அதில் படித்தேன். அப்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் சரியும். தீராத வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவை அபாய அறிகுறிகள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

காய்ச்சல் விட்ட அன்று காலை அவன் எழுந்து குளித்து, ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு செய்முறைத் தேர்வுக்குக் கிளம்பிவிட்டான். "உடம்பு குளிர்ந்துவிட்டதடா, இனிக் கவலையில்லை" என்றான். படியில் இறங்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். குடித்த கஞ்சி அப்படியே வெளியே வந்தது. கையைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. வார்டனிடம்கூடச் சொல்லாமல் 108க்குப் போன் செய்தேன். அரசு மருத்துவமனையில் டாக்டர் பிளேட்லெட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. "கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. உடனே சலைன் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். எழுதுங்கள்.

பயிற்சி மருத்துவர்:

தம்பி, நீங்கள் கேட்ட கேள்விதான் கேள்வி. "என்ன சாப்பிட்டால் சரியாகும்" என்று தேடினால் விற்பவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள். "எப்போது ஆபத்து" என்று தேடினால் விற்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் எழுதியது கிடைக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டெங்குக் காய்ச்சலில் உடம்புவலிக்கு ஐபுரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். இரத்தக் கசிவை அவை கூட்டிவிடும்.

தோல் நோய்ப் பிரிவில் நான் பணி செய்தபோது வந்த இளைஞர்களில் பலர் விடுதி மாணவர்கள், பெரும்பாலும் தொடை இடுக்கில் படர்தாமரையோடு. வெட்கத்தில் யாரிடமும் காட்டியிருக்க மாட்டார்கள். வீடியோவில் யாரோ சொன்ன கிரீமை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசியிருப்பார்கள். இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும். அதனால் நல்ல மருந்து என்று நம்பி அறை முழுவதற்கும் கொடுப்பார்கள். அந்தக் குழாயில் இருப்பது பூஞ்சை மருந்தோடு கலந்த ஸ்டீராய்டு. அது அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளரவிடும். ஒரு மாணவர் வந்தபோது வளையம் இடுப்பைத் தாண்டி வயிற்றுக்கு ஏறியிருந்தது, தோல் மெலிந்து கோடு கோடாக வெடித்திருந்தது. முகம் வெளுக்கப் பூசும் கிரீம்களிலும் பலவற்றில் இதே கதைதான். நிறுத்தினால் முகம் சிவந்து எரிந்து பருக்கள் கொட்டும்.

கிரீமின் வணிகப் பெயரைத் தேடாதீர்கள். குழாயின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைத் தேடுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் தொடக் கூடாது.

தாவரவியல் மூன்றாம் ஆண்டு:

அக்காவோ அண்ணாவோ தெரியவில்லை, அந்தப் பொடி எழுத்து யோசனைக்கு நன்றி. பெண்கள் விடுதியில் அதிகம் தேடப்படுவது மாதவிடாய் பற்றித்தான். வீட்டில் கேட்டால் "கல்யாணத்துக்கு முன் இது என்ன" என்று பயந்துவிடுவார்கள்.

எனக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தது. ஒரு தனியார் ஸ்கேன் மையத்தில் சினைப்பையில் நீர்க்கட்டி என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றிரவு கைபேசியில் நான் பார்த்த அத்தனை வீடியோக்களும் குழந்தை பிறக்காது என்று தொடங்கி, ஒரு மண்டலத்தில் கட்டியைக் கரைக்கும் லேகியத்தில் வந்து முடிந்தன. அழுகை அழுகையாக வந்தது. விடுதித் தோழி ஒருத்தி ஆங்கிலத்தில் ஒரு மருத்துவ வழிகாட்டுதலைத் தேடி எடுத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னாள். 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் அது. பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் நிறையாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி நோய்) என்று முடிவு கட்டக் கூடாது, அந்த வயதில் சினைப்பையில் சிறு முட்டைப்பைகள் நிறையத் தெரிவது இயல்பு என்று அதில் இருக்கிறது. எனக்கு எட்டு ஆண்டுகள் ஆகவில்லை.

மறுவாரம் அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் தைராய்டு பரிசோதனைதான் எழுதினார். குறை அங்கேதான் இருந்தது. இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். இந்த விவரம் தமிழில் எளிதாகக் கிடைத்திருந்தால் அந்த இரவு எனக்குத் தூக்கம் போயிருக்காது. படித்தவர்கள் தயவுசெய்து தமிழில் எழுதுங்கள்.

நெல்லைச் சீமை:

தேர்வு நெருங்க நெருங்க நடுஇரவில் நெஞ்சு படபடக்கும், விரல் மரத்துப்போகும். தேடினால் மாரடைப்பு என்றே வந்தது. அதைப் படித்ததும் படபடப்பு இன்னும் ஏறியது. இதய மின்வரைபடம் எடுத்துப் பார்த்தார்கள், குறை இல்லை. பிறகு மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண்ணுக்கு, 14416, பேசினேன். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மறுமுனையில் இருந்தவர் அவசரப்படுத்தாமல் கேட்டார். பதற்ற நோய் பற்றி நான் முதலில் அறிந்தது அவரிடமிருந்துதான்.

புது உறுப்பினர்:

இதற்கு நடுவே கேட்பதற்கு மன்னிக்கவும். இப்போது விடுதி வாசலில் தெருநாய் காலில் கடித்துவிட்டது, இரத்தம் வருகிறது. நண்பர்கள் மிளகாய்த்தூளும் எண்ணெயும் வைக்கச் சொல்கிறார்கள். இணையத்தில் ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்கள். காலையில் மருத்துவமனைக்குப் போனால் போதுமா?

பயிற்சி மருத்துவர்:

தம்பி, காலை வரை காத்திருக்க வேண்டாம். மிளகாய்த்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கட்டுப் போடாதீர்கள். அப்படியே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், தடுப்பூசி அங்கே இலவசம். இரத்தம் வருகிறது என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) ஊசியும் போட வேண்டும், அதை நீங்களே கேளுங்கள். ஊசியை ஒரு தவணையோடு நிறுத்திவிடாதீர்கள். சீட்டில் எழுதித் தரும் எல்லாத் தேதிகளிலும் போக வேண்டும். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் எங்கள் கையில் மருந்து இல்லை. துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஊசி போட்டதும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருக்கிறேன்.