குரோம் கலந்த கழுவுத் தண்ணீர் பச்சையாகி, மறுநாள் திரும்ப மஞ்சளாவது ஏன்?

மோபெனி_தொட்டி:
டர்பனில் சின்ன பிளேட்டிங் பட்டறை. துத்தநாக முலாமுக்குப் பின் மஞ்சள் பாசிவேஷன் (துரு தடுக்கும் குரோமேட் பூச்சு). அதன் கழுவுத் தண்ணீர் 200 லிட்டர் டிரம்மில் சேரும். குரோம் ஆறு (நச்சான மஞ்சள் வடிவம், Cr⁶⁺) ஏறத்தாழ 100 மில்லிகிராம்/லிட்டர். அதைக் குரோம் மூன்றாக (பச்சை வடிவம், Cr³⁺) மாற்ற, பிஎச் 4இல் 60 கிராம் சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டோம். பச்சை வந்தது. சுண்ணாம்பு போட்டு, கசடு படிந்ததும் மேல்தண்ணீரைப் பொதுச் சம்ப்பில் (கழிவுநீர்க் குழியில்) விட்டோம். காலையில் பார்த்தால் மஞ்சள். மாநகராட்சிச் சாக்கடைக்கு இதை எப்படி விடுவது அண்ணா?

சுண்ணாம்புக்காரன்:
கணக்கு சரி, பிஎச் தப்பு. 1 கிராம் குரோமுக்கு 2.74 கிராம் மெட்டாபைசல்பைட் வேண்டும். உங்களிடம் இருப்பது 20 கிராம் குரோம், அதாவது 55 கிராம். பழைய பொடி காற்றில் வீரியம் இழந்திருக்கும் என்பதால் 65–70 போடுங்கள். ஆனால் இந்த வினை அமிலத்தில்தான் ஓடும்: பிஎச் 2இல் சில நிமிடம், 3ஐத் தாண்டினால் இழுக்கும், 5இல் நின்றதுபோலத்தான். கந்தக அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றி 2.5க்கு இறக்கிவிட்டு, பொடியைத் தண்ணீரில் கரைத்து மெதுவாக விட்டு, அரைமணி கலக்குங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் கந்தக டை ஆக்சைடு மூச்சை அடைக்கும்; கதவைத் திறந்து வையுங்கள்.

பிறகு சுண்ணாம்புப் பால் விட்டு 8.5க்கு ஏற்றுங்கள். 10ஐத் தாண்டவிட்டால் படிந்த ஹைட்ராக்சைடே திரும்பக் கரையும். காஸ்டிக் சோடாவும் ஆகும், ஆனால் கசடு பஞ்சுபோல மிதந்துகொண்டே இருக்கும்.

கார்பசைடு:
பச்சை வந்தால் முடிந்தது என்று நம்பாதீர்கள். குரோம் மூன்றின் பச்சை, மிச்சமிருக்கும் ஆறின் மஞ்சளை மறைத்துவிடும். சோதித்துப் பார்க்க, 250 மில்லிகிராம் டைபினைல்கார்பசைடை 50 மில்லி அசிட்டோனில் கரையுங்கள். 100 மில்லி மாதிரியை அமிலமாக்கி 2 மில்லி விட்டு, 5–10 நிமிடம் பொறுங்கள். ஊதா வந்தால் குரோம் ஆறு இன்னும் இருக்கிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு மொத்தக் குரோம் 0.05 மில்லிகிராம்/லிட்டர்தான்; கண் அவ்வளவு தூரம் பார்க்காது.

ஒரு கேள்வி: உங்கள் துத்தநாக முலாம் தொட்டியில் சயனைடு கரைசலா? அந்தத் தண்ணீரில் சயனைடை அழிக்க ஹைப்போகுளோரைட் விடுகிறீர்களா? விட்டால், காரத்தில் அது மூன்றைத் திரும்ப ஆறாக்கிவிடும். மறுநாள் மஞ்சளுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு: சயனைடு இருக்கும் சம்ப்பில் அமிலம் போனால் ஹைட்ரஜன் சயனைடு. ஆளை அந்த இடத்திலேயே சாய்க்கும்.

ஸ்டீல்பூர்ட்_மகன்:
நம் தென்னாப்பிரிக்காவில்தான் உலகிலேயே அதிகமாகக் குரோமைட் (குரோம் தாது) தோண்டுகிறார்கள். ருஸ்டென்பர்க் சுரங்கப் பக்கம் எல்லாருமே இந்த விஷத்திலா நிற்கிறார்கள்?

சுண்ணாம்புக்காரன்:
இல்லை தம்பி. தாதுவில் இருப்பது குரோம் மூன்று. சோடா ஆஷ் சேர்த்துக் காற்றில் வறுத்தால்தான் மஞ்சள் குரோமேட் ஆகிறது. அந்த ஆறுதான் நுரையீரல் புற்றுநோய்க்கும், மூக்கின் நடுச்சுவர் ஓட்டையாவதற்கும், விரல் முட்டியில் ஆறாத குழிப்புண்ணுக்கும் காரணம். முதலில் வலிக்காது, அதுதான் வம்பு. தோல் கையுறை போடாதீர்கள், குரோமேட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நீளமான பிவிசிதான் சரி. சிந்திய குரோமிக் அமிலத்தை மரத்தூளால் துடைத்தால் தீப்பிடிக்கும்.

மோபெனி_தொட்டி:
சயனைடுதான் அண்ணா. ஹைப்போகுளோரைட் விடும் குழாயும் அதே சம்ப்பில்தான் விழுகிறது. இரண்டையும் பிரிக்கும்வரை டிரம்மில் அமிலம் ஊற்றமாட்டோம். கசடை உரிமம் உள்ள அபாயக் கழிவு வண்டிக்குத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன்.