தீயணைப்பு, ஆம்புலன்ஸ் குழுவோடு ஒரு ஷிஃப்ட் பார்வையாளராக: எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது?

புதுவரவு:
வணக்கம். அவசர மருத்துவப் பயிற்சியில் சேர இருக்கிறேன். அதற்கு முன், தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் ஒரே நிலையத்தில் நிற்கும் ஒரு குழுவோடு 12 மணி நேரம் பார்வையாளராக இருக்க அனுமதி கிடைத்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட படிவத்தில் மூடிய காலணி, முழுக்கால்சட்டை, படம் எடுக்கக் கூடாது என்பதைத் தவிர வேறு விவரமே இல்லை.

என்ன உடுத்திப் போவது? அழைப்பு வந்தால் நான் எங்கே நிற்க வேண்டும்? ஏதாவது பிடிக்கச் சொன்னால் பிடிக்கலாமா? நாள் முழுக்கப் பெரிதாக எதுவும் வராவிட்டால் போனது வீண்தானா?

பம்ப்_பேனல்:
கடைசிக் கேள்விதான் முக்கியம். பலரும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். தீ வருமா என்று காத்திருக்காதீர்கள். ஷிஃப்ட் மாறும் முதல் ஒரு மணி நேரச் சோதனையைப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். அதற்காக அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள்.

மூச்சுக் கருவியை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கவனியுங்கள். சிலிண்டர் வால்வை முழுக்கத் திறந்து அழுத்தத்தைப் படிப்பார்கள். பிறகு வால்வை மூடிவிட்டு ஒரு நிமிடம் முள்ளைப் பார்ப்பார்கள். 10 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேல் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது, பெரும்பாலும் இணைப்பில் உள்ள ரப்பர் வளையத்தில். அடுத்து உள்ளிருக்கும் காற்றை மெதுவாக வெளியே விடுவார்கள். சுமார் 55 பாரில் கருவியின் எச்சரிக்கை விசில் தானாகவே ஊத வேண்டும். ஊதாவிட்டால் அந்தக் கருவி அன்றைக்கு வெளியே போகாது. முகமூடியைப் போட்டு உள்ளங்கையால் காற்று வாயை அடைத்து மூச்சிழுத்தால் முகத்தோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். இரண்டு நாள் தாடி போதும், அது ஒட்டாது. குழுவில் எல்லாரும் ஏன் மழித்த முகத்தோடு இருக்கிறார்கள் என்பது அப்போது புரியும்.

பக்கத்தில் நிற்கும்போதே இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 6.8 லிட்டர் சிலிண்டர், 300 பார் என்றால் பெருக்கி வருவது 2,040 லிட்டர் காற்று. அவ்வளவு அழுத்தத்தில் காற்று கணக்குப்படி அமுங்காது, அதனால் உண்மையில் இன்னும் கொஞ்சம் குறைவு. விசில் ஊதும் வரையுள்ள பங்கு ஏறக்குறைய 1,660 லிட்டர். நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால் 41 நிமிடம் வரும். ஹோஸை மாடிக்கு இழுத்துக்கொண்டு ஏறுபவர் 80 லிட்டர் இழுப்பார், அவருக்கு 20 நிமிடம்தான். ஒருவரின் பெயரையும் உள்ளே போன நேரத்தையும் பலகையில் எழுதிவிட்டுத்தான் ஏன் அனுப்புகிறார்கள் என்பதற்கு இதுவே பதில்.

தண்ணீரும் அப்படித்தான். வண்டித் தொட்டியில் 2,000 லிட்டர் இருந்தாலும் 45 மி.மீ. ஹோஸ் ஒன்று நிமிடத்துக்கு 400 லிட்டர் குடித்தால் ஐந்து நிமிடத்தில் காலி. அதனால் முதல் ஆள் தீயை நோக்கி ஓடும்போதே இன்னொருவர் தண்ணீர் மூலத்தைத் தேடிப் போவார். கிணற்றிலோ குளத்திலோ இருந்து இழுக்கும் பயிற்சி இருந்தால் விடாதீர்கள். மையவிலக்குப் பம்ப் தனக்குள் இருக்கும் காற்றைத் தானே வெளியேற்றாது. அதற்குத் தனியாகப் பிரைமர் என்ற காற்றிழுக்கும் கருவி வேண்டும். பம்ப் தண்ணீர் மட்டத்திலிருந்து ஏழு, ஏழரை மீட்டருக்கு மேல் இருந்தால் இழுப்பதில்லை. அதற்குள்ளேயே இழுக்காமல் மக்கர் செய்தால் முதலில் உறிஞ்சு ஹோஸின் வாஷரைப் பார்ப்பார்கள்.

உடை: பருத்தி முழுக்கால்சட்டை, பருத்திச் சட்டை, வழுக்காத தோல் காலணி. நைலான், பாலியெஸ்டர் வேண்டாம், சூடு பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அடையாள அட்டையைக் கழுத்தில் கயிறாகத் தொங்கவிடாமல் சட்டையில் கிளிப் போட்டு மாட்டுங்கள்.

இன்னொன்று, தீயணைப்பவர் அணியும் கோட்டைத் தொட்டுப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்புப் பணியையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. புகைக்கரி படிந்த கோட்டைச் சாப்பாட்டு அறைக்குள் கொண்டுவராத நிலையம் நல்ல நிலையம்.

பின்_கேபின்:
பம்ப்காரர் தன் வண்டியைப் பற்றி மட்டும் எழுதிவிட்டார். இப்படி இரண்டும் சேர்ந்த நிலையங்களில் மணி அடித்தால் பெரும்பாலும் மருத்துவ அழைப்பாகத்தான் இருக்கும். அதனால் ஆம்புலன்ஸ் பக்கம் அதிக நேரம் இருங்கள்.

காலைச் சோதனையில் இரண்டு விஷயம். நோயாளியின் வாயில் தேங்கும் சளி, ரத்தத்தை இழுக்கும் உறிஞ்சு கருவியின் குழாயைக் கட்டைவிரலால் அடைத்தால் நாலு விநாடிக்குள் 300 மி.மீ. பாதரசத்துக்கு முள் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பாட்டில் மூடி சரியாக உட்காரவில்லை அல்லது சார்ஜ் இல்லை. இரண்டாவது, தூக்கிச் செல்லும் ஆக்ஸிஜன் சிலிண்டர். 400 லிட்டர் மிச்சம் இருக்கும் சிலிண்டரை நிமிடத்துக்கு 15 லிட்டரில் திறந்தால் 26 நிமிடம்தான் வரும். நாலாவது மாடியிலிருந்து நோயாளியை இறக்கவே அது சரியாகப் போய்விடும். மயக்க மருந்துப் பெட்டியை இருவர் எண்ணிக் கையெழுத்துப் போடும்போது மட்டும் தள்ளி நில்லுங்கள். கணக்கில் ஒன்று குறைந்தால் அங்கே நின்ற எல்லாரையும் கேட்பார்கள்.

வண்டி நகரும் முன் பெல்ட். பின்கேபினில் நோயாளியின் தலைமாட்டில் உள்ள இருக்கை உங்களுடையதல்ல, மூச்சுப்பாதையைக் கவனிப்பவருடையது. எங்கே உட்கார வேண்டும் என்பதை முதல் அழைப்புக்கு முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

இதயம் நின்ற நோயாளி என்றால் காலடிப் பக்கச் சுவரோரம் போய்விடுங்கள். அங்கிருந்து எல்லாம் தெரியும், யார் வழியிலும் இல்லை. மார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுவது எல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. நேரில் பார்க்க வேண்டியது ஆள் மாறும் அந்த இடைவெளியை. அடுத்தவர் முன்கூட்டியே மண்டியிட்டுக் கையைத் தயாராக வைத்திருந்தால் இரண்டு மூன்று விநாடியில் முடியும். எழுந்து சுற்றி வந்தால் பத்தைத் தாண்டும், அதற்குள் இதயத் தசைக்குப் போன ரத்த அழுத்தம் விழுந்துவிடும். திரும்ப அதை ஏற்றப் பல அழுத்தங்கள் வேண்டும்.

மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது பேச்சைக் கேளுங்கள். என்ன நடந்தது, என்ன காயம், நாடித்துடிப்பு முதலிய அளவுகள், என்ன கொடுத்தோம் என்ற வரிசையில் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். குறிப்பெடுங்கள், ஆனால் நேரமும் செயலும் மட்டும். பெயர், வயது, தெரு எதுவும் உங்கள் நோட்டில் இருக்கக் கூடாது.

பிடிக்கச் சொன்னால் பிடிக்கலாம். பை, ஸ்ட்ரெச்சரின் ஒரு ஓரம், இதிலெல்லாம் தப்பில்லை.

குறுக்கு_நிறுத்தம்:
பை சரி, ஸ்ட்ரெச்சர் கூடாது. மேலே சொன்னதை மறுக்கிறேன். நோயாளியோடு உயர்த்திய ஸ்ட்ரெச்சரின் கனம் மேலே இருக்கும், சக்கர அகலமோ குறைவு. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பழகாத கை ஒரு பக்கம் தூக்கினால் பக்கவாட்டில் சாயும். பழகியவர்களே அதைத் தாழ்த்தித்தான் உருட்டுவார்கள். அவர்கள் கேட்டாலும் "கதவைப் பிடிக்கிறேன்" என்று சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சாலை விபத்துதான் பார்வையாளருக்கு மிக ஆபத்தான இடம், தீ அல்ல. தீயணைப்பு வண்டியை ஏன் சாய்வாகக் குறுக்கே நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். பின்னால் வரும் வாகனம் மோதினாலும் வேலை நடக்கும் இடத்துக்கு வராமல் வண்டி தடுக்கும். ஆகவே போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவால் மட்டும் இறங்கி, ஒளிரும் மேலங்கி போட்டு, அந்த வண்டியின் மறைவுக்குள்ளேயே நில்லுங்கள். அதிகாரி காட்டிய இடத்தை விட்டு நகர வேண்டுமானால் சொல்லிவிட்டு நகருங்கள்.

நசுங்கிய காருக்குள் தலையை நீட்டாதீர்கள். வெடிக்காத காற்றுப்பையிலிருந்து (ஏர்பேக்) விலகி நிற்கக் குழுவினர் வைத்திருக்கும் கணக்கு: பக்கவாட்டுப் பைக்கு சுமார் 12 செ.மீ., ஸ்டீயரிங் பைக்கு 25, முன் பயணி பைக்கு 50. பேட்டரியின் எதிர் (மைனஸ்) முனையை முதலில் கழற்றுவார்கள். கழற்றிய பிறகும் காற்றுப்பைக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் கொஞ்ச நேரம் மின்னூட்டம் நிற்கும்.

நிலையத்துக்குள் வண்டி பின்வாங்கும்போது வழிகாட்டுபவர் பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரியும்படி நிற்பார். அவர் மறைந்தால் ஓட்டுநர் உடனே நிறுத்துவார். நீங்கள் இருவருக்கும் நடுவே வராதீர்கள்.

புதுவரவு:
அண்ணன்மார்களுக்கு நன்றி. ஸ்ட்ரெச்சரைத் தொட மாட்டேன். ரத்தத்தைப் பார்த்துத் தலை சுற்றினால் என்ன செய்வது? ஊசி ஏதாவது குத்திவிட்டால்?

பின்_கேபின்:
ஸ்ட்ரெச்சர் விஷயத்தில் குறுக்கு சொல்வதே சரி, என் வரியை எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி.

தலைசுற்றல் திடீரென்று வராது. முதலில் உடம்பு சூடாகும், வியர்க்கும், காது அடைக்கும், பார்வை ஓரங்களில் இருளும். காது அடைக்கும் கட்டத்திலேயே நின்ற இடத்தில் தரையில் உட்கார்ந்து, "உட்கார்கிறேன்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். வெளியே போய்விடலாம் என்று நடந்தால் வழியில் விழுந்து தலை அடிபடும், குழுவுக்கு இரண்டாவது நோயாளி. முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்காதீர்கள், கால் தசை இயங்காவிட்டால் ரத்தம் கீழேயே தேங்கும். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள். நேரம் கிடைக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள், அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ஊசி குத்தினால் பிதுக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அந்த நிமிடமே குழுத் தலைவரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. கண்ணில் ரத்தம் தெறித்தாலும் இதே அவசரம்தான், கழுவத் தண்ணீரோ சலைனோ போதும், சோப்பு வேண்டாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்கிறீர்களா என்று இப்போதே பாருங்கள். வழக்கமான அட்டவணையில் அது முடிய ஆறு மாதம் ஆகும்.