புதுப்பிப்பு: கப்பல் திருமணமும் கரை திரும்பிய உறவினர்களும்

சென்னைத் துறைமுகத்தில், கப்பல் புறப்படுவதற்கு முன் அதிலேயே நடக்கவிருந்த என் மகளின் திருமணத்திற்கு, கடற்பயணத்தில் சேராமல் இறங்கிவிடும் 30 உறவினர்களைக் குன்னூரிலிருந்து எவ்வாறு அழைத்துச் செல்வது என்று முன்பு கேட்டிருந்தேன். திருமணம் நல்லபடியாக நடந்தேறியது.

நாங்கள் மிகவும் பாடுபட்டது பெயர்ப் பட்டியலில்தான். கப்பலேறிப் பார்த்துவிட்டு இறங்கும் ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடியே முன்கூட்டிக் கப்பல் நிறுவனத்திடம் சேர வேண்டும். நம்மவர்களுக்கோ ஓர் அட்டையில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னும், இன்னோர் அட்டையில் பின்னும் இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து வந்த என் மாமியாரின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால், மலைக்குளிரிலேயே வாழ்ந்து பழகிய அவர் துறைமுக வாயிலில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றார். அதை நினைத்தால் இன்னும் மனம் வலிக்கிறது. தயவுசெய்து ஒவ்வோர் அட்டையையும் கையில் வாங்கி நீங்களே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

கப்பலில் ஹோமத்தீ வளர்க்க அனுமதி இல்லாததால், அதை இரண்டு நாள் முன்னதாகவே வீட்டில் முடித்து, மாலை மாற்றுவதையும் தாலி கட்டுவதையும் மட்டும் அங்கே வைத்துக்கொண்டோம். புறப்பாட்டுக்கு வெகு முன்பே உறவினர்கள் இறங்க வேண்டியிருந்ததால், பந்தியைக் கரையிலேயே ஒரு மண்டபத்தில் நிதானமாகப் பரிமாறினோம். அன்றிரவே அவர்கள் நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் திரும்பினார்கள்.