புதுப்பிப்பு: பிளானட் வார்ஸில் முதலில் எந்தக் கிரகத்தை அடிப்பது?

2010 கூகுள் ஏஐ சேலஞ்ச் என்ற நிரல் போட்டியின் பிளானட் வார்ஸ் விளையாட்டுக்கு (கப்பல்களை அனுப்பிக் கிரகங்களைப் பிடிக்க வேண்டும், பிடித்த கிரகம் சுற்றுக்குச் சுற்று புதுக் கப்பல் தரும்) நிரல் எழுதுவதைப் பற்றிப் போன வாரம் இங்கே கேட்டிருந்தேன், முதலில் எதைப் பிடிப்பது: பக்கத்துச் சின்னக் கிரகமா, தூரத்துப் பெரிய கிரகமா? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது ஒரு கணக்கு பிடிபட்டிருக்கிறது.

யாருக்கும் சொந்தமில்லாத கிரகம் என்றால், அங்கே இருக்கும் கப்பல்களை அதன் வளர்ச்சி வேகத்தால் (ஒரு சுற்றுக்கு அது தரும் கப்பல்கள்) வகுத்து, பயண நேரத்தைக் கூட்டுகிறேன். 20 கப்பல், வளர்ச்சி 4, தூரம் 6 என்றால் அங்கே இழக்கும் கப்பல்கள் 11 சுற்றில் திரும்பிவிடும். 8 கப்பல், வளர்ச்சி 1, தூரம் 3 உள்ள பக்கத்துக் கிரகத்துக்கும் அதே 11தான்! ஆனால் அதற்கப்புறம் முதல் கிரகம் ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு கப்பல் தரும், இரண்டாவது கிரகம் ஒன்றே ஒன்று.

எதிரியின் கிரகத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே நம் கப்பல் அழிந்தால் அவனுடையதும் அழிகிறது. பிடித்துவிட்டால் நம் வளர்ச்சி ஏறி அவன் வளர்ச்சி இறங்குகிறது. போய்ச் சேர்வதற்குள் அங்கே வளரும் கப்பல்களையும் கணக்கில் சேர்த்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது, எதிரி ஒரு கிரகத்தைப் பிடித்ததும் பின்னாலேயே போய்ப் பறிப்பது. கிளம்பிய படையை அவனால் திருப்ப முடியாது, அது எங்கே போகிறது என்பதும் நமக்குத் தெரியும். மேலே சொன்ன 20 கப்பல் கிரகத்துக்கு எதிரி 21 அனுப்பினால் அவனிடம் மிஞ்சுவது ஒன்று. அடுத்த சுற்றில் அது ஐந்தாகும். சரியாக அந்தச் சுற்றில் ஆறு கப்பலோடு இறங்கினால் கிரகம் நம்முடையது.

அடுத்து, பிடித்ததைக் காக்க எத்தனை கப்பலை நிறுத்தி வைப்பது என்று பார்க்கிறேன்.